வைரவன் அண்ணனின் பங்களா

தினமும் காலை ஏழு மணிக்கு ஒருவர் நம் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு ஊர்களை ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

லிந்துலை டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் என் ஆட்டோ நிற்கும். என் பெயர் கஜேந்திரன். முதல் ஹயர் கிடைக்கும்வரை நான் சும்மா இருப்பேன். வைரவன் அண்ணனுக்கு நுவரெலியா பஸ் வரும்வரை மழைக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். நானும் அவரும் ஒரே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் குடியிருப்பில் அடுத்தடுத்த லயம். அதனால் கேட்காமலே ஏறி உட்கார்ந்துகொள்வார். நுவரெலியாவில் ஒரு மரக்கறி முதலாளியின் வேனை ஓட்டுவதுதான் அவருக்கு வேலை. வயது ஐம்பத்தெட்டு. அதற்கு முன் பதினாறு வருடம் சவூதியில், அப்ஹா என்ற ஊரில், ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார்.

சவூதி என்றால் மணலும் வெயிலும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். அப்ஹா மலைமேல் இருக்கிறதாம், நம் நுவரெலியாவைவிட உயரத்தில். அங்கேயும் பனிமூட்டம் இறங்குமாம். ஆலங்கட்டி மழைகூடப் பெய்யுமாம். நான் நம்பவில்லை. போனில் படம் காட்டினார். மலை, மூட்டம், ரோட்டோரம் வரிசையாகக் குரங்குகள். இங்கே பக்கத்தில் ஹக்கலையில் எடுத்த படம் என்று சொன்னால்கூட நம்பியிருப்பேன்.

"இங்க இருக்கிறது ஈரக் குளிரு தம்பி" என்பார். "செவரு வேர்க்கும், கம்பளி நாறும், நெருப்புக்குச்சி பத்தாது. அங்க காஞ்ச குளிரு. ஒதடு வெடிச்சுப் போகும். ஆனா துணி தொவைச்சுப் போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். இங்க அன்னம்மா தொவைச்ச கால்சட்டை மூணு நாளா வாசல் இஸ்தோப்புல தொங்குது."

"அப்ப அங்கயே காயப்போட்டுட்டு வந்திருக்கலாமே" என்பேன் நான்.

அவர் கோபிக்க மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். என் கிண்டலைக் காதில் வாங்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார். நுவரெலியா ஆறரைக்குப் பூட்டிப் படுத்துவிடுகிற ஊர். அப்ஹாவில் இரவுத் தொழுகை முடிந்த பிறகுதான் ஊர் கண் விழிக்கும். இங்கே மூட்டம் வந்தால் ஜன்னலைச் சாத்துவோம். அங்கே மூட்டம் வந்தால் காரை எடுத்துக்கொண்டு, கம்பளத்தையும் டீ பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு, குடும்பத்தோடு மலை விளிம்புக்குப் போய் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். இங்கே தண்ணீர் கூரையில், சுவரில், செருப்பில் எங்கும். அங்கே தண்ணீர் பவுசர் லாரியில் வரும். இங்கே ரோட்டோரம் கரட்டும் லீக்ஸும் குவித்திருப்பார்கள். அங்கே முள் உரித்த கள்ளிப்பழம். ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பு ஆட்கள் இங்கே வந்து குதிரை ஏறுவது மாதிரி, ஆகஸ்டில் ரியாத் ஆட்கள் அங்கே வந்து குரங்குக்கு ரொட்டி போடுவார்கள். எல்லாம் எனக்கு மனப்பாடம். மற்ற ஆட்டோக்காரர்கள் அவருக்கு அப்ஹா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "அப்ஹா வர்றாரு, சீட்டத் தொடச்சு வை" என்பான் பக்கத்து ஆட்டோக்காரன்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி அன்னம்மா அக்கா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். ஒரே மகள் ஷாமிலா, வட்டகொடையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் சவூதிக்குப் போனபோது ஷாமிலாவுக்கு ஐந்து வயது. திரும்பி வந்தபோது அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். இடையில் நாலே தடவை லீவில் வந்து போயிருக்கிறார். அக்காவைக் குறை சொல்லவும் முடியாது. பதினாறு வருடம் ஒற்றை ஆளாக இருந்து, ரேடியோவைப் போட்டுக்கொண்டு தூங்கிப் பழகியவர். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு என் ஆட்டோவில் வந்தபோது சொன்னார்:

"அவரு அங்க இருந்தப்ப போன்ல நல்லா பேசுவாரு தம்பி. என்ன சமைச்ச, மழையா, கொழுந்து எத்தன கிலோன்னு எல்லாம் கேப்பாரு. இப்ப எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு அந்த ஊரப் பத்திப் பேசுறாரு. நான் அந்த ஊரப் பாத்தேனா என்னா? ம்ம், ம்ம்னு கேட்டுக்கிட்டே தூங்கிருவேன்."

அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. அந்த மனிதருக்கு இரண்டு ஊர் தெரியும். இரண்டையும் பார்த்த இன்னொரு ஆள் பக்கத்தில் கிடையாது. ஒற்றை ஊரில் கிடக்கிற எங்களுக்கெல்லாம் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. அவருக்கு வாயே மூடாது, ஆனால் பேச்சுத்துணை இல்லை.

போன வருடம் ஜூலைக் கடைசியில் ஒரு நாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் ஏறி உட்கார்ந்தார். அப்ஹாவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பஸ் வந்தது, போனது. அவர் இறங்கவில்லை.

"என்னண்ணே, வேலைக்குப் போகலையா?"

போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டார். ஒரு வாலிபப் பையனின் குரல், அரபியில், ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக. நடுநடுவே அண்ணனை 'வீரா, வீரா' என்று கூப்பிட்டது மட்டும் எனக்குப் புரிந்தது. மூன்று தடவை போட்டார்.

"நவாஃப்" என்றார். "அந்த வீட்டுப் பையன். நான் போறப்ப மூணு வயசு. பன்னண்டு வருசம் ஸ்கூலுக்குக் கொண்டுபோயி விட்டு, கூட்டிட்டு வந்தேன். கல்யாணம் முடிச்சிட்டானாம். பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு இங்க வர்றான்."

"நல்ல விசயந்தானே. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நம்ம பெரிய பங்களாவுல ரூம் போட்டிருக்கான்."

எங்கள் தோட்டத்தின் உச்சியில், தோட்டத்தை நடத்திய தொரை இருந்த பங்களாவைத்தான் பெரிய பங்களா என்போம். சிவப்புக் கூரை, இரண்டு புகைபோக்கி, முன்னால் புல்தரை. இப்போது அங்கே தொரை இல்லை. ஏதோ ஒரு கம்பனி எடுத்து வெள்ளையடித்து வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் விடுகிறது. ஒரு ராத்திரிக்கு என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டால் தலை சுற்றும்.

"வசதியான பையன், போட்டிருப்பான். உங்களுக்கென்ன?"

அண்ணன் வெளியே மழையைப் பார்த்தார். "அது என் வீடுன்னு நெனைச்சுப் போட்டிருக்கான் தம்பி."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு நான் முதலில் சிரித்தேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அண்ணன் ஒரு தடவை லீவில் வந்திருந்தபோது பழைய தொரை மாற்றலாகிப் போனார். தோட்டமே திரண்டு போய் மாலை போட்டது. அன்றைக்குப் புல்தரையில், பங்களா பின்னால் தெரிய, அண்ணனை நிற்கவைத்து யாரோ ஒரு போட்டோ எடுத்திருக்கிறார்கள். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அப்ஹாவுக்குத் திரும்பிப் போனார். நவாஃபுக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்கூல் வாசலில் கார் நிற்கும்போது அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இதுவா உன் வீடு?" என்று கேட்டானாம். இவர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை.

"லயத்த எப்படித் தம்பி அவனுக்குச் சொல்றது? ஒரே கூரைக்கு அடியில பன்னண்டு குடும்பம், ஆளுக்கு ஒரு காம்பரான்னா அவனுக்கு வெளங்குமா? அவங்க வீட்டு ஆடுகளுக்கே தனித்தனியா அடைப்பு இருந்துச்சு. ஆமான்னுட்டேன். அப்புறம் அவன் விடல. எந்த ஜன்னல் உன் ரூம்பு? நாய் இருக்கா? அம்மா எங்க உக்காருவாங்க? தெனம் ஸ்கூல் போற வழியில கேப்பான். நானும் சொல்லிக்கிட்டே போயிட்டேன்."

ஆக, எங்களிடம் அப்ஹாவைச் சொல்லிச் சாகடிக்கிற மனிதர், அங்கே இருந்த காலமெல்லாம் ஒரு சின்னப் பையனிடம் நுவரெலியாவையும் லிந்துலையையும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் மூட்டம், எங்கள் மழை, ஏரியில் ஓடும் படகு, எல்லாம் உண்மை. வீடு மட்டும் பொய். பையன் இணையத்தில் லிந்துலை என்று தேடியிருக்கிறான். சிவப்புக் கூரை வந்திருக்கிறது. போட்டோவில் பார்த்த அதே வீடு. வீரா, நீ வீட்டை ஹோட்டலுக்கு விட்டுவிட்டாயா, பரவாயில்லை, உன் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கப்போகிறேன், மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு நீ வா, உன் வீட்டில் நான் உனக்கு டீ ஊற்றித் தருகிறேன், இத்தனை வருடம் நீ எனக்கு ஊற்றியதற்கு. இதுதான் அந்தக் குரல் பதிவு.

"உண்மையச் சொல்லிருங்கண்ணே" என்றேன். "இப்பவே போன்ல சொல்லிருங்க. கடிச்சா திங்கப்போறான்?"

"சொல்லிரலாந்தான்." கொஞ்ச நேரம் போனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "அந்த ஊருல எல்லாருக்கும் நான் டிரைவரு. இங்க தோட்டத்துல லயத்தான். அவன் ஒருத்தன்கிட்ட மட்டுந்தான் தம்பி நான் ஒரு வீடு வாசல் உள்ள மனுசனா இருந்தேன். அத போன்ல சொல்லி முடிக்க மனசு வரல. நேர்ல போறேன். முன்வாசல் வழியாப் போயி, அவன் முன்னால உக்காந்து, என் வாயால சொல்றேன். அப்புறம் நம்ம லயத்துக்குக் கூட்டிட்டு வந்து அன்னம்மா கையால ரொட்டியும் சம்பலும் குடுப்பேன். சிரிப்பான். அவன் அப்பிடித்தான், எல்லாத்துக்கும் சிரிப்பான்."

அந்த இரண்டு வாரம் அண்ணன் ஆளே மாறிப்போனார். காம்பராவின் முன்சுவருக்கு வெள்ளையடித்தார். மழையில் பாதி கரைந்தது, திரும்ப அடித்தார். அன்னம்மா அக்கா என்னிடம், "யாரோ ராசா வர்றாராம் தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் புதுக் கோப்பை நாலு வாங்கிக் கழுவி வைத்திருந்தார். அண்ணன் காலையில் என் ஆட்டோவில் உட்கார்ந்து, நவாஃபிடம் எப்படிச் சொல்வது என்று அரபியில் சொல்லிப் பார்ப்பார். எனக்கு ஒன்றும் புரியாது. இருந்தாலும் தலையாட்டுவேன். அந்தப் பேச்சு எனக்கு எரிச்சலாக இல்லை.

அந்த நாளும் வந்தது. மழை விடவில்லை. அவர்களுக்கு மழைதான் வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். மழையைப் பார்க்கவே காசு செலவழித்து வருகிறவர்கள். ஒன்பது மணிக்கு அண்ணன் ஏறினார். நவாஃபின் அப்பா கொடுத்த கறுப்புக் கோட்டு, உள்ளே வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றேன்.

"ஓட்டு தம்பி" என்றார்.

பங்களா ரோட்டில் ஏறும்போது ஒன்று மட்டும் கேட்டார். "முன்வாசல்ல மணி இருக்குமா, கதவத் தட்டணுமா?" எனக்குத் தெரியவில்லை. நானும் அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்த முன்வாசலை நானும் கிட்டத்தில் பார்த்ததில்லை.

கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். நேராகப் போனால் சரளைக்கல் போட்ட பாதை, இரண்டு பக்கமும் பூச்செடி, அது முன்வாசலுக்குப் போகிறது. கேட்டைத் தாண்டியதும் இடதுபக்கம் ஒரு கல்படி இறங்குகிறது. அது குசினிக்கு. விறகு கொண்டுபோகிறவன், மரக்கறி கொண்டுபோகிறவன், தொரையிடம் லீவு கேட்கப் போகிறவன், எல்லாரும் அந்தப் படிதான். என் அப்பாவும் அந்தப் படிதான், அவர் அப்பாவும் அந்தப் படிதான்.

"நேரா போங்கண்ணே. நான் இங்கயே நிக்கிறேன்."

குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். கேட்டுக்குள் காலை வைத்ததும் ஒன்று செய்தார். குடையை மடக்கினார். மழை கொட்டுகிறது, மனிதர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்துகொண்டே நடக்கிறார். பங்களா வாசலுக்குள் குடை பிடிக்கக் கூடாது என்பது எங்கள் அப்பன் பாட்டன் காலத்துச் சட்டம். அந்தச் சட்டம் போட்ட தொரை செத்து எத்தனை வருடமோ. சரளைப் பாதையில் பத்தடி போனார். செருப்புச் சத்தம் கேட்டது. அங்கே நின்றார். கோட்டிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல், கல்படியில் இறங்கிப் போனார்.

நான் கூப்பிட்டிருக்க வேண்டும். குசினி வழியாகப் போனாலும் உள்ளேதானே போகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

உள்ளே நடந்ததை அண்ணனும் பிறகு சொன்னார், பங்களாச் சமையல்காரன் சின்னராசாவும் சொன்னான். சின்னராசாவும் எங்கள் லயத்துக்காரன்தான். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து நடந்தபடியே சொல்கிறேன்.

அண்ணன் குசினிக் கதவடியில் போய் நின்றபோது சின்னராசா தட்டில் கேக் துண்டு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. என்னா கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு? நனைஞ்சு போயிட்டீங்களே, அடுப்புக்கிட்ட வாங்க" என்று பெஞ்சை இழுத்துப் போட்டான். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடங்கிவிட்டான். அவன் அப்படித்தான், மூச்சு விடாமல் பேசுவான்.

"இன்னைக்குப் பெரிய தமாசுண்ணே. அரபிக்காரப் பையன் ஒருத்தன் வந்து தங்கியிருக்கான், பொண்டாட்டியோட. இந்த வீட்டுச் சொந்தக்காரர் டீக்கு வர்றாராம். மூணு கப்பு வை, நல்ல கப்பு வை, அவரு வந்ததும் யாரும் குறுக்க வரக்கூடாதுன்னு மெனேஜர்கிட்டயும் சொல்லிட்டான். மெனேஜருக்கே மண்டை காயுது. இந்த வீட்டுக்கு ஏதுண்ணே சொந்தக்காரன்? கம்பனி எடுத்தது. அதுக்கு முன்ன அரசாங்கம். அதுக்கு முன்ன வெள்ளைக்காரன். ஒருவேள அந்த வெள்ளைக்காரன் பேரனா இருக்குமோ என்னமோ. நீங்க யாரப் பாக்க வந்தீங்க?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். நான்தான் என்று சொன்னால் முடிந்தது. அண்ணன் சின்னராசாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார். அந்த முகம் அடுத்த நிமிடம் எப்படிச் சிரிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே அது லயம் முழுக்கப் போய்விடும், அன்னம்மா அக்கா கொழுந்து மலையில் நிற்கும்போது பக்கத்து நிரையில் நிற்கிறவள் கேட்பாள், உங்க பங்களாவுக்கு எப்ப குடிபோறீங்கன்னு.

"சும்மா வந்தேன்" என்றார். "இந்தப் பக்கம் ஒரு வேலை. மழை விட்டதும் போறேன்."

குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே தட்டு நீட்டுவதற்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பாதி திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நவாஃப். நாலைந்து வருடத்தில் குரல் நன்றாகத் தடித்துவிட்டதாம், ஆனால் சிரிப்பு அதே சிரிப்பாம். அவன் மனைவிக்கு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தக் குசினியில் அரபி தெரிந்தது அண்ணன் ஒருவருக்கு மட்டும். சின்னராசாவுக்கு அது வெறும் சத்தம்.

இதோ இந்தக் குளிர்காயும் அடுப்புக்கு முன்னால்தான் வீராவின் நாய் படுத்திருக்கும், மழை நாளில் அசையாது என்று நவாஃப் சொன்னானாம். நாயின் பெயரையும் சொன்னான். அண்ணனுக்கே அந்தப் பெயர் மறந்துபோயிருந்தது. அவர் வீட்டில் எந்தக் காலத்திலும் நாய் இருந்ததில்லை. இந்த ஜன்னல்தான் வீராவுடைய அம்மாவின் ஜன்னல், அம்மா டீயை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்து மழையைப் பார்ப்பாராம், வீரா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான் தெரியுமா என்றான். அந்தப் பெண் மெல்லிய குரலில் என்னவோ கேட்டது. ஆமாம், அவன் அம்மா செத்துப்போய்விட்டார், அவன் அப்போது எங்கள் வீட்டில் இருந்தான், அவனால் வர முடியவில்லை, காருக்குள் உட்கார்ந்து அழுதான், நான் பக்கத்தில் இருந்தேன் என்றான் நவாஃப்.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் சரிவில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர் அண்ணனின் அம்மா. மழை அவர்மேல்தான் பெய்தது. சொன்ன பொய்யில் அம்மாவை மட்டுமாவது அந்தப் பக்கம் தூக்கி உட்காரவைத்தேன் தம்பி என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். 

பத்து மணி. பத்தேகால். கோட்டுப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது.

"போன் அடிக்குதுண்ணே" என்றான் சின்னராசா.

"அடிக்கட்டும்" என்றார். பையின் மேலேயே கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இருந்தும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடுமோ என்ற பயத்தில் எழுந்து விறகு அடுக்கியிருந்த மூலைக்குப் போய் நின்றாராம். நின்றது, மறுபடி அடித்தது, மறுபடி நின்றது. ஐந்து தடவை.

நான் கேட்டில் ஆட்டோவுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். இத்தனை நேரம் பேசுகிறார்கள் என்றால் எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். லயத்துக்கு இவர்களைக் கூட்டிக்கொண்டு போக என் ஆட்டோ போதுமா, அவர்கள் வேனிலேயே வருவார்களா என்றெல்லாம் யோசித்தேன். பதினொன்றரைக்கு வேன் ஒன்று உள்ளேயிருந்து வந்தது. கேட்டடியில் மெதுவாகத் திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பையன். இருபத்தைந்து வயதிருக்கும், சின்னத் தாடி. கீழே போகும் ரோட்டையும் மேலே வரும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். என்னையும் ஒரு பார்வை பார்த்தான், யாரையோ எதிர்பார்க்கிறவன் பார்ப்பது மாதிரி. நான் கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். எனக்கு அரபி தெரியாது. ஆனால் வைரவன் என்று ஒரு பெயர் சொல்லக்கூடவா தெரியாது? அவர்களோடு அண்ணன் வேனில் இருக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் பெட்டிகள்தான் இருந்தன. அதற்குள் வேன் தலவாக்கலைப் பக்கம் இறங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கல்படி ஏறி வந்தார். குடை இன்னும் கக்கத்தில் மடங்கியே இருந்தது. ஆட்டோவில் ஏறினார். எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. நானும் ஸ்டார்ட் பண்ணவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "என்னண்ணே நீங்க, பத்தடி நேரா நடந்திருந்தா முடிஞ்சிருக்குமே. ஒரு வார்த்தை. சின்னராசா சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். அவன் சிரிப்புக்காக அந்தப் பையன இப்படி உக்கார வச்சிட்டு வருவீங்களா?"

"நடக்கத்தான் பாத்தேன்" என்றார். "காலு போகல தம்பி. அவ்வளவுதான். அங்க அவங்க வீட்டுக்குள்ள முன்வாசலாலதான் போவேன், வருவேன். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. இங்க நான் பொறந்த எடத்துல முடியல."

 என் கால் மட்டும் போயிருக்குமா என்று யோசித்தேன். தெரியவில்லை.

வழியில் போனை எடுத்துப் பார்த்தார். நவாஃப் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். அதை என் எதிரில் போடவில்லை. லயத்துக்குப் பிரியும் பாதைக்கு வந்ததும் இறங்கி, வீட்டுக்கு நடந்தே போனார். அன்னம்மா அக்கா விருந்தாளிகளுக்காக அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தார். அவரிடம் அண்ணன் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வேறு வழியாகப் போய்விட்டார்கள் என்று சொல்லியிருப்பார். மறுநாள் மகள் வந்து நாலு புதுக் கோப்பையில் இரண்டை வட்டகொடைக்கு எடுத்துக்கொண்டு போனாள் என்று கேள்விப்பட்டேன்.

அன்று சாயந்தரம் டவுனில் சின்னராசா என் ஆட்டோவில் ஏறினான். வழக்கம்போல மூச்சு விடாமல் பேசினான். அரபிக்காரப் பையன் காத்துக் காத்துப் பார்த்ததையும், வீட்டுச் சொந்தக்காரன் வராமலே ஏமாற்றிவிட்டதையும், பையன் போகும்போது முகம் செத்துப்போயிருந்ததையும் சொன்னான். வைரவன் அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து விறகு மூலையில் நின்றதையும் சொன்னான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்?

"அவங்க போனப்புறம் தட்ட உள்ள எடுத்துக்கிட்டு வந்தேன்" என்றான். "ரெண்டு கப்பு குடிச்சிருந்துச்சு. மூணாவது கப்புல அந்தப் பையன் தன் கையாலயே ஊத்தி வச்சிருக்கான், ஒருத்தரும் தொடல. நல்ல டீ, பங்களா டீ, கொட்ட மனசு வரல. வைரவன் அண்ணே குளிர்ல நடுங்கிக்கிட்டு நின்னாரா, அவருக்குக் குடுப்போம்னு பாத்தேன். நல்ல கப்புல நம்ம ஆளுங்களுக்குக் குடுக்கிறத மெனேஜர் பாத்தா ஏசுவாரு. நம்ம பிளாஸ்டிக் கோப்பை இருக்குல்ல, அதுல மாத்தி ஊத்திக் குடுத்தேன்."

"குடிச்சாரா?" என்று கேட்டேன்.

"குடிச்சாரு. நின்னுக்கிட்டே குடிச்சாரு. ஆறிப்போயிருக்கும்ணே, சுட வச்சுத் தரவான்னு கேட்டேன். வேணாம், நல்லா இருக்குன்னாரு."